கைட்சர்ஃபிங்கைப் பாதியில் விட்டுவிடாமல் இருக்க: முதலில் போர்டை மீட்கப் பழகுங்கள்

கைட்சர்ஃபிங் (கைட் எனும் பெரிய காற்றாடி இழுக்க, போர்டு எனும் பலகையில் நின்று தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டு) கற்க வந்து பாதியில் விடுகிற பலர் பயத்தால் விலகுவதில்லை. போர்டில் எழுந்து, இரண்டு மீட்டர் போய், விழுந்து, போர்டைத் தவறவிட்டு, அதைப் பிடிக்க முடியாமல் காற்றோடு இழுபட்டுக் கரையேறி, கிளம்பிய இடத்துக்கு ஈர மணலில் கைட்டையும் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். இப்படி மூன்று நாள் போனால் யாருக்கும் வெறுத்துப்போகும். இந்தச் சலிப்பைப் படிகளின் வரிசையாலேயே பெருமளவு தவிர்க்கலாம்.

கைட்டை விரிப்பது, லைன் எனும் கயிறுகளைக் கட்டுவது, ஆபத்தில் கைட்டின் இழுவையை உடனே விடுவிக்கும் க்விக் ரிலீஸை இழுப்பது எல்லாம் பயிற்சியாளரிடம் பழகியாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் கடிகாரக் கணக்கு, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவருக்கானது: தலைக்கு மேல் 12, இடது ஓரம் 9, வலது ஓரம் 3.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

கரைக்கு இணையாகவோ, சற்றுச் சாய்வாகக் கரையை நோக்கியோ, 14 முதல் 18 நாட் (மணிக்குச் சுமார் 26 முதல் 33 கி.மீ.) வேகத்தில் சீராக வீசும் காற்று போதும். 10 நாட்டில் கைட் அடிக்கடி தண்ணீரில் விழும். அதைக் கிளப்புவதிலேயே தெம்பு போய்விடும். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் இறங்கவே கூடாது. மோசமான காற்றில் தோற்றுவிட்டு "எனக்கு வராது" என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 2: போர்டு இல்லாமல் எதிர்க்காற்றில் நகர்வது

பலரும் அவசரமாகத் தாண்டிப்போகும் படி இது. விழுந்ததும் கைட் உங்களைக் காற்று போகும் திசையில் இழுத்துவிடும், போர்டு பின்னால் நின்றுவிடும். நேராக நீந்தி அதை எட்ட முடியாது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்து ஏறிப்போகத்தான் வேண்டும்.

வலப்பக்கம் போகும்போது கைட்டை 1:30-க்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துங்கள். இடது கை பாரின் (லைன்கள் இணைந்திருக்கும் கைப்பிடித் தண்டின்) நடுவில். வலது கையைப் போகிற திசையில் நீட்டித் தண்ணீருக்குள் விடுங்கள். அந்தக் கைதான் படகின் அடிக்கட்டை மாதிரி நீரைக் கிழித்துப் பிடிமானம் தரும். ஒருக்களித்துப் படுத்து, உடம்பைப் பலகைபோல் விறைப்பாக வையுங்கள். இடுப்பு மடிந்தால் கால்கள் தொங்கி இழுவை கூடும், ஏறவே மாட்டீர்கள்.

இங்கே சறுக்குவது பெரும்பாலும் பாரைப் பிடித்த கையில்தான். ஒற்றைக் கையால் பிடிக்கும்போது பதற்றத்தில் பாரை உடம்போடு சேர்த்து இழுத்துவிடுவோம். அப்போது கைட் பறக்கும் வேகத்தை இழந்து, பின்பக்கமாகச் சரிந்து விழும். உடனே பாரை, கையை எடுக்காமலே, உடம்பிலிருந்து தள்ளிப் போக விடுங்கள், கைட் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். கை நடுவிலிருந்து அரை விரல்கடை நகர்ந்தாலும் கைட் ஒரு பக்கம் திரும்பும். ஆகவே நடு லைன் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வரும்படி பிடியுங்கள். கண்ணால் பார்க்காமலே நடு எது என்று விரலுக்குத் தெரியும்.

20 மீட்டர் போனதும் கைட்டை மெதுவாக 12-க்குக் கொண்டுவந்து, கை மாற்றி, 10:30-க்கு இறக்கி இடப்பக்கம் வாருங்கள். கரையில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். நாலு திருப்பத்தில் அந்தக் குறியைத் தாண்டிக் காற்று வரும் பக்கம் வந்துவிட்டால், இனி போர்டு தவறினாலும் நீங்களே மீட்டுக்கொள்ளலாம். அதுவரை போர்டைத் தொடாதீர்கள்.

போர்டு தவறாமலிருக்க அதைக் கயிற்றால் உடம்போடு கட்டிக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். கயிறு இழுபட்டு, போர்டு தெறித்து வந்து தலையில் அடிக்கும். ஹெல்மெட் போட்டிருந்தாலும் இதே பதில்தான்.

படி 3: போர்டில் எழுவது

கைட் 12-இல் நிற்க, போர்டைக் காலில் மாட்டி முழங்காலை மடக்குங்கள். வலப்பக்கம் போக, கைட்டை 11-க்கு நகர்த்தி, அங்கிருந்து விரைவாக 1:30-க்கு இறக்குங்கள். எழுந்த கணத்தில் போர்டின் முனையைக் கைட் இருக்கும் திசைக்குத் திருப்புங்கள். முன்கால் ஓரளவு நீட்டி, பின்கால் மடங்கி இருக்கட்டும்.

முகங்குப்புற விழுந்தால், பாரை உடம்போடு சேர்த்தே பிடித்திருந்தீர்கள், அல்லது கைட்டை அளவுக்கு மீறி இறக்கினீர்கள். பாதி எழுந்து பின்னால் உட்கார்ந்துவிட்டால் இறக்கியது போதவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு, அதனால் எப்படி விழுந்தோம் என்பதைக் கவனித்து வையுங்கள்.

போர்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சுமார் 75 கிலோ உள்ளவருக்கு 140 முதல் 150 செ.மீ. நீளப் பலகை நல்லது. சின்னப் பலகை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மெதுவாகப் போகும்போது அமிழ்ந்துவிடும்.

படி 4: எதை எண்ணுவது

"இன்று ஓட்டினேனா" என்று எண்ணாதீர்கள். காற்றின் வேகம், கைட்டின் அளவு, எத்தனை முயற்சி, எத்தனை முறை எழுந்தேன், எத்தனை முறை போர்டை நானே மீட்டேன் என்று ஐந்தே ஐந்தைக் குறித்து வையுங்கள். முதல் வாரங்களில் கடைசி எண்தான் முதலில் ஏறும்.

தண்ணீரில் 90 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முன்கை சோர்ந்தால் பாரை இறுக்கிப் பிடிப்போம், பழைய தவறுகள் எல்லாம் திரும்பும். மாதத்துக்கு ஒருநாள் முழுக்க இருப்பதைவிட, காற்றுள்ள மூன்று நாள் தொடர்ந்து இறங்குவது பலன் தரும். காற்று குறைந்த நாளில் 2 அல்லது 3 சதுர மீட்டர் பயிற்சிக் கைட்டை மணலில் பறக்கவிட்டு, அதைப் பார்க்காமல் ஒற்றைக் கையால் 1:30-இல் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.