இதயம் துடித்தது, ஆனால் மனிதர் பிழைத்தாரா? அவசர சிகிச்சை ஆய்வுகளைப் படிப்பதில் நேரும் தவறுகள்

அவசர சிகிச்சை ஆய்வுகளைத் தலைப்போடு நிறுத்திக்கொள்வோர் பொதுமக்கள் மட்டுமல்லர். சுருக்கத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு மறுநாளே வார்டில் நடைமுறையை மாற்றப் பார்க்கும் மருத்துவர்களும் உண்டு.

எதை எண்ணினார்கள் என்று பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. இதயம் நின்றவருக்கு அட்ரினலின் போடுவது பல்லாண்டு வழக்கம். அதை பிரிட்டனில் ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகள் சோதித்தன. ‘பாராமெடிக் 2’ என்ற அந்த ஆய்வின் முடிவு 2018-ல் வெளியானது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 8,000-க்கும் மேற்பட்டோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அட்ரினலின், மற்றவர்களுக்கு உப்புநீர். ஊசியில் இருப்பது எது என்று போடுபவருக்கே தெரியாது. மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் இதயம் மீண்டும் துடித்தவர்கள் அட்ரினலின் பிரிவில் 36.3 சதவீதம், உப்புநீர்ப் பிரிவில் 11.7 சதவீதம்.

இதோடு பக்கத்தை மூடினால் அட்ரினலின் அற்புத மருந்துதான். ஆனால் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முறையே 3.2, 2.4 சதவீதம் மட்டுமே. மூளை ஓரளவு நல்ல நிலையில் இருக்க மருத்துவமனையை விட்டுச் சென்றவர்கள் 2.2, 1.9 சதவீதம்; இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். பிழைத்தவர்களுக்குள் கடுமையான நரம்பியல் பாதிப்போடு இருந்தவர்களோ அட்ரினலின் பிரிவில் 31 சதவீதம், மற்றதில் 17.8. இதைப் படித்துவிட்டு ‘அட்ரினலின் வீண்’ என்று சொல்வதும் அதே அவசரம்தான். சுமார் 112 பேருக்குப் போட்டால் கூடுதலாக ஒருவர் பிழைக்கிறார். அழைப்பு வந்து மருந்து உள்ளே போக 21 நிமிடம்போல ஆகியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சர்வதேச வழிகாட்டுதல்கள் அட்ரினலினைக் கைவிடவில்லை.

ஒரு நோய்க்குப் பலித்த மருந்தை இன்னொன்றுக்கு நீட்டுவது அடுத்த தவறு. விபத்தில் ரத்தம் இழந்தவர்களுக்கு, ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் பயன்படும் என்று 2010-ல் ‘கிராஷ் 2’ காட்டியது. 20,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வு அது. மலிவான மருந்து, ரத்தம் எங்கே கசிந்தாலும் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. இரைப்பை, குடல் ரத்தக்கசிவிலும் பலன் உண்டு என்று சிறிய ஆய்வுகள் ஆசை காட்டின. சுமார் 12,000 பேரை வைத்து ‘ஹால்ட் இட்’ 2020-ல் பதில் சொன்னது: ஐந்து நாளுக்குள் ரத்தக்கசிவால் இறந்தவர்கள் மருந்துப் பிரிவில் 3.7 சதவீதம், மருந்தில்லாப் பிரிவில் 3.8. சிரைகளில் ரத்தம் உறைவது மட்டும் 0.4-லிருந்து 0.8 சதவீதமாக உயர்ந்தது.

விபத்துக் காயத்திலும் கடிகாரம் முக்கியம். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களில் ரத்தக்கசிவால் நேரும் மரணம் குறைந்தது. அதற்குப் பின் கொடுத்தவர்களில் 3.1-லிருந்து 4.4 சதவீதமாகக் கூடியது. ‘விபத்துக்கு டிரானெக்ஸாமிக் அமிலம்’ என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவர் பாதியைத்தான் படித்திருக்கிறார்.

யாரைச் சேர்த்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்தாலும் ஓராண்டு மரணத்தில் வித்தியாசமில்லை என்றது ஸ்வீடனில் நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்வு. அதில் சேர்க்கப்பட்டவர்கள் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்கள். மூச்சுத் திணறி 82-ல் இருப்பவரின் முகமூடியைக் கழற்ற அந்த ஆய்வை ஆதாரம் காட்ட முடியாது.

பாதியில் நின்ற ஆய்வுகளிடம் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. மின்னதிர்ச்சிக்கு மசியாத இதயத்துக்கு இரண்டு டீஃபிப்ரிலேட்டர்களை (மின்னதிர்ச்சி தரும் கருவிகளை) அடுத்தடுத்து இயக்கிப் பார்த்த கனடா ஆய்வு 2022-ல் வெளியானது. வழக்கமான முறையில் 13.3 சதவீதமும், இரட்டைக் கருவி முறையில் 30.4 சதவீதமும் பிழைத்தார்கள். கண்ணைப் பறிக்கும் எண்தான். ஆனால் 930 பேரைத் திட்டமிட்டு, கோவிட் காரணமாக 405 பேரோடு நின்றுபோன ஆய்வு அது. அப்படி நின்ற சிறிய ஆய்வுகளில் பலன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியக்கூடும். இதை நம்பி இரண்டாவது கருவிக்கு டெண்டர் விடத் துடிப்பவர்கள் பக்கத்து எண்ணையும் பார்க்கலாம்: மின்பட்டைகளை மார்பின் முன்னும் முதுகிலுமாக மாற்றி ஒட்டிய பிரிவில் 21.7 சதவீதம் பிழைத்தார்கள். அதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம்.