டிங்கர் வேலை முடிந்து வந்த காரில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் இறங்கிவிட்டால் எஸ் வளைவில் உரசலும் இடியும் தொடங்கிவிடும். டிங்கர் வேலை முடிந்து வண்டி வீட்டுக்கு வரும்போது பெயிண்ட் பளபளக்கும். ஆனால் ஒரு விளக்கு மங்கும், ஹாரன் கம்மும். ‘இதற்குப் போய் எலக்ட்ரீஷியனா’ என்று தாங்களே இறங்குபவர்கள் சீசனுக்குச் சீசன் அதே தவறுகளைச் செய்கிறார்கள். வீட்டிலேயே பார்க்கலாம், தப்பில்லை. எங்கே கை வைக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மங்கும் விளக்குக்குப் பெரிய பல்பு

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். புளியரையிலிருந்து ஒரு தம்பி வந்தார். வலது ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே வரும் தகடு) மாற்றிய பிறகு அந்தப் பக்க ஹெட்லைட் மங்கல். 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் 100/90 போட்டிருக்கிறார். சூட்டில் இடது ஹோல்டர் இளகி, உள்ளே ஒயர்கள் ஒட்டிக்கொள்ள, 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் போனது. அது போனதே ஒயரைக் காப்பாற்றத்தான். அவரோ பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகிவிட்டார். இந்த முறை ஃபியூஸ் போகவில்லை, ஒயர்கட்டு கருகியது. அதை மாற்ற ஆன செலவில் இன்னொரு ஃபெண்டரே வாங்கியிருக்கலாம்.

பல்பில் குறையே இல்லை. விளக்குக்குப் போன கரண்ட் வண்டியின் தகடு வழியாகத்தான் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும், அதற்கான ஒயர்தான் எர்த். ஃபெண்டருக்குப் பின்னால் அந்த எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தில் பட்டி, ப்ரைமர், பெயிண்ட் எல்லாம் ஏறி, அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். பெயிண்ட் கரண்டைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கசிந்து வந்ததில்தான் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்பக்க வேலைக்குப் பிறகு பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மினுக்குகிறதா? அங்கேயும் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

சோதிப்பது எளிது. விளக்கைப் போட்டுவிட்டு, பேட்டரி மைனஸிலிருந்து ஒரு தனி ஒயரை விளக்கின் எர்த் முனையில் தொடுங்கள். வெளிச்சம் கூடினால் குற்றவாளி எர்த்தான். மல்டிமீட்டர் இருந்தால் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அப்புறம் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, போல்ட் உட்காரும் வட்டத்தை மட்டும் உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியத் தேய்த்து, முடுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அந்தப் பூச்சு இல்லையென்றால் சீக்கிரமே துரு பிடித்துவிடும்.

மஞ்சள் உறை போட்ட ஒயர்

ஏர்பேக்குடையது. தொடாதீர்கள்.

புதுப் பெயிண்டில் வாக்ஸ்

ஒரு மாதமாவது பொறுங்கள்.

கதவுக்குள் தண்ணீர்ச் சத்தம்

கண்ணாடி ஓரத்தில் சிலிக்கான் அப்பாதீர்கள். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் துளைகள் உண்டு. பட்டியோ சீலன்ட்டோ அவற்றை அடைத்திருக்கும். பிளாஸ்டிக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பெயிண்ட் பெயர்ந்து, துரு அங்கிருந்தே தொடங்கும்.

ஹெட்லைட்டைக் கண்மதிப்பில் திருப்புவது

முன்பக்க வேலைக்குப் பிறகு விளக்கின் நோக்கு மாறியிருக்கும். டிக்கியைக் காலி செய்து, டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்துங்கள். லோ பீமின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். வலது விளக்கு தூக்கியிருந்தால், கோட்டைவாசல் இறக்கத்தில் எதிரே ஏறி வரும் லாரிக்காரரின் கண்ணில்தான் அடிக்கும்.