திருகோணமலையில இருந்து புல்மோட்டைக்கு கூட்டமா சைக்கிள் ஓடுறது எப்பிடி

50 கிலோமீட்டருக்கு மேல வரும், அதால விடிய 5 மணிக்கே வெளிக்கிடுங்கோ, நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிப் பாலத்துக்கு வரேக்க வெயில் ஏறியிருக்கக் கூடாது. சில்லுக்குக் காத்து முதல்நாளே அடிச்சு வையுங்கோ. ஒருத்தரிட்டயாவது பம்ப், ஒட்டுற சாமான் இருக்கோணும்.

ஜூன், ஜூலையில எண்டா தென்மேற்கால வீசுற கச்சான் காத்துதான் பெரிய தொல்லை, வடக்க போகேக்க அது இடப்பக்கத்தால அடிச்சு உங்களை நடுரோட்டுக்குத் தள்ளும், பின்னால பஸ் ஹோர்ன் அடிச்சா ஹாண்டிலை இறுக்கிப் பிடிச்சு ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா வந்திடுங்கோ. மெல்ல ஓடுறவரை முன்னுக்கு விடுங்கோ, வேகக்காரப் பெடியள் கடைசியில வரட்டும் (முணுமுணுப்பினம், விடுங்கோ).

குச்சவெளியில பிளேன்டி குடிக்க நிண்டு ஆளையாள் நக்கலடிக்கிற அந்த அரைமணித்தியாலத்தை மட்டும் குறைக்காதீங்கோ, அதுக்குத்தானே கூட்டமா வாறது.