தோவாளையில் எடுத்த படத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வர

"எடுத்தியே மக்ளே, எனக்குக் காட்ட மாட்டியா?" தோவாளை பூச்சந்தையில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டி கேட்டது இது. நாகர்கோவிலுக்கு வந்து, கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி, கம்ப்யூட்டரில் ஏற்றி, பிறகு அனுப்பலாம் என்று நினைத்தால் அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. இப்போதெல்லாம் கேமராவிலிருந்து வைஃபை வழியாகப் போனுக்கு இறக்கி, சந்தையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

என் கேமரா கேனான் 200டி மார்க் 2. போனில் கேனானின் கேமரா கனெக்ட் ஆப் வேண்டும். நிக்கான் என்றால் ஸ்னாப்பிரிட்ஜ். ஆப்பை இறக்கி, ப்ளூடூத்தில் கேமராவோடு ஜோடி சேர்ப்பதை முந்தின நாளே வீட்டில் முடித்துவிடுங்கள். கூடையும் ஆளும் இடிக்கும் சந்தைக்குள் நின்று செய்கிற வேலை இல்லை அது.

அப்புறம் ஆப்பில் கேமராவிலுள்ள படங்களைத் திறந்தால், கேமராவே ஒரு வைஃபையை உண்டாக்கும். போன் அதில் சேர வேண்டும். பலரும் சிக்குவது இங்கேதான். அந்த வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. படம் வந்துசேர அது தேவையும் இல்லை. ஆனால் போன் விடாது, "இன்டர்நெட் இல்லை, இதிலேயே இருக்கவா?" என்று கேட்கும். ஆமாம் என்று சொல்லுங்கள். அப்படியும் அறுந்துபோனால் மொபைல் டேட்டாவைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள். ஐபோனில் லோக்கல் நெட்வொர்க் அனுமதியைக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

சேர்ந்துவிட்டால் கார்டில் உள்ள படங்கள் சின்னச் சின்னதாகப் போனில் வரிசை கட்டும். பாட்டியின் கையில் போனைக் கொடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. ஈர வாழைநார் விரலைச் சுற்றி முடிச்சாக விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நார் வரைக்கும் தெரியுதே!" கேமராவின் சின்னப் பின்பக்கத் திரையில் இதை இவ்வளவு நன்றாகக் காட்டியிருக்க முடியாது.

வேண்டிய படத்தை மட்டும் இறக்குங்கள். 24 மெகாபிக்சல் படம் முழு அளவில் வர நேரம் எடுக்கும். போனில் பார்க்கத்தான் என்றால் சிறிதாக்கி இறக்கலாம். பிரிண்ட் போடுவார்கள் என்றால் முழு அளவில் இறக்கி, தரம் குறையாமல் போக வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இறக்குவது நகல்தான், கார்டில் உள்ள படம் அப்படியே இருக்கும்.

பாட்டியிடம் போன் இல்லை. பக்கத்துக் கடைக்காரரின் எண்ணுக்கு அனுப்பினேன், போகவில்லை. போன் இன்னும் கேமராவின் வைஃபையிலேயே இருந்தது. அதைத் துண்டித்து, மொபைல் டேட்டாவைப் போட்டதும் போய்விட்டது. கேமராவிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள், பேட்டரி மிஞ்சும்.