சேர்ந்து சாப்பிடுங்கள், கரண்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பம் வருகிறது. சாம்பார், பொரியல் என்று தொடங்கும் திட்டம் பத்து நிமிடத்தில் வடை, அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், பாயசம் என்று போய் நிற்கும். நாலு பேர் கூடினால் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியே ஆகவேண்டும் என்று நமக்கு ஒரு நினைப்பு. முதல் தவறு அதுதான்.

சேர்ந்து சாப்பிடுவதில் நன்மை இல்லாமல் இல்லை. 17 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வாரம் 3 முறையாவது வீட்டாரோடு சாப்பிடும் பிள்ளைகளிடம் நல்ல உணவுப் பழக்கமும் அளவான எடையும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் பழகியவர்களோடு உட்கார்ந்தால் தனியாகச் சாப்பிடுவதைவிட நாம் அதிகம் சாப்பிடுவோம் என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததே. இலையில் வறுவல் இருந்தால் அதிகம் போவதும் வறுவல்தான். கீரைக் கூட்டையும் அவியலையும் தாராளமாகச் செய்துவிட்டு, பொரித்தது ஏதாவது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது வற்புறுத்தல். "ஒரு கரண்டிதானே!" விருந்தாளி இலைக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் வைத்து மறைத்தாலும், விரல் இடுக்கு வழியாகச் சோறு விழும். வேண்டாம் என்றால் கூச்சப்படுகிறார் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். அன்பு புரிகிறது, ஆனால் வயிறு அவருடையது. பிள்ளைகளிடம் "தட்டைக் காலி பண்ணு" என்பதும் இதே வகைதான். வயிறு நிறைந்ததை உணரும் பழக்கமே அவர்களுக்குப் போய்விடும். பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னால் இந்த மல்லுக்கட்டு இல்லை.

சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு மட்டும் ஓரமாக இரண்டு சப்பாத்தி, மற்ற எல்லோருக்கும் விருந்து என்று பிரிப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. தண்டனை மாதிரி இருக்கும் அவருக்கு. தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது நோயாளிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்தான். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் கொஞ்சமாக எடுத்துக்கொண்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. இன்னொன்று, கவனம்: இன்சுலின் போட்டுக்கொண்டவரை, "தம்பி வரட்டும், சேர்ந்து உட்காரலாம்" என்று காக்க வைக்காதீர்கள். சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடலாம். அவர் முதலில் சாப்பிடட்டும், பேச்சுக்கு அப்புறம் உட்கார்ந்துகொள்ளலாம்.

டிவியை அணைப்பது, செல்போனை வேறு அறையில் வைப்பது எல்லோருக்கும் தெரிந்தவை. அதைவிடச் சாப்பாட்டு நேரத்தில் மதிப்பெண் விசாரணையும், "என்ன, பூசினாப்பல இருக்கே?" என்ற விமர்சனமும்தான் பிள்ளைகளை அவரவர் அறைக்குத் துரத்துகின்றன.

எனக்கு மிகவும் உறுத்துவது இது: எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம் என்கிறோம், சமைத்தவர் மூன்றரை மணிக்கு ஆறிப்போன ரசத்தைத் தனியாகப் பிசைந்துகொண்டிருப்பார். தோசை மாதிரி சுடச்சுட ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டியதைக் கூட்டம் கூடும் நாளில் வைத்தால் இப்படித்தான் ஆகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டாஞ்சோறு இதற்கு ஏற்றது. அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், முருங்கைக்கீரை, அரைத்த தேங்காய் எல்லாம் ஒரே பானையில் வெந்துவிடும். இறக்கி நடுவில் வைத்துவிட்டு அம்மாவும் கூடவே உட்காரலாம்.