ஸ்லோ குக்கரில் போர்க் சாப்: எட்டு மணி நேரம் வைத்தும் சக்கையாகப் போவது ஏன்?

குளிர் தொடங்கியதும் தெரிந்தவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் புதிதாக ஸ்லோ குக்கர் வாங்குகிறார், மெல்ல மெல்ல மணிக்கணக்கில் சமைக்கும் மின்பாத்திரம். வாங்கிய வாரமே அதில் போர்க் சாப், அதாவது தடிமனாக வெட்டிய பன்றிக்கறித் துண்டு வைக்கிறார். அடுத்து எனக்கு ஒரு படம் வருகிறது. தட்டில் வெளிறிப்போன ஒரு துண்டு, சுற்றிலும் நீர்த்த குழம்பு, கீழே ஒரு கேள்வி: "எட்டு மணி நேரம் வைச்சும் ஏன் அக்கா இப்படி வறண்டு போச்சு?"

ஆரம்பத்தில் நானும் இதே வழியில் போய்த் திரும்பியவள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, புதியவர்கள் செய்யும் தவறுகளை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூடியைச் சரியாகப் போடுவது, பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பாமல் இருப்பது போன்றவை பெட்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சமைப்பது அமெரிக்காவில், அதனால் கறியின் பெயர்கள் இங்கே கடைகளில் ஒட்டியிருக்கும் பெயர்கள். டிகிரி என்று சொன்னால் ஃபாரன்ஹீட், செல்சியஸ் அடைப்புக்குறிக்குள்.

எந்தச் சாப் ஆனாலும் ஒன்றுதான் என்று நினைப்பது

மற்ற தவறுகள் சுவையைக் கொஞ்சம் குறைக்கும். இது மொத்தக் கறியையும் வீணாக்கும், அதுவும் விலை கூடின கறியை.

போர்க் சாப் என்ற பெயரில் கடையில் பலவிதம் கிடைக்கிறது. பன்றியின் முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடும் சதை லாயின். அதன் நடுப்பகுதியில் வெட்டினால் சென்டர் கட் லாயின் சாப், விலா எலும்போடு வெட்டினால் ரிப் சாப். முதுகுச் சதைக்கு உழைப்பு குறைவு என்பதால் ஜவ்வு கம்மி, உள்கொழுப்பும் கம்மி. வெளிர் சிவப்பில், வழவழவென்று, ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடாகக் கொழுப்போடு அழகாக இருக்கும். தோள்பட்டைப் பக்கம் வந்தால் பிளேடு சாப், ஷோல்டர் சாப், சில ஊர்களில் போர்க் ஸ்டேக். இது கருஞ்சிவப்பு. ஒரே துண்டில் மூன்று நான்கு தசைகள் வேறு வேறு திசையில் ஓடும், இடையிடையே கொழுப்பும் ஜவ்வும், ஒரு பக்கம் தோள் எலும்பின் சில்லு. பார்க்க ஒழுங்காக இருக்காது, விலையும் குறைவு.

ஸ்லோ குக்கருக்கு என்றே அமைந்தது இந்த இரண்டாவது வகை. புதியவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் வாங்கி வருவது முதல் வகை, ஏனென்றால் அதுதான் கண்ணுக்கு நல்ல கறியாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு 2013ல் இங்கே இறைச்சித் துறையினர் மாட்டிறைச்சிப் பெயர்களைக் கொண்டுவந்து பன்றிக்கும் சூட்டினார்கள். ரிப் சாப் சில இடங்களில் ரிப்ஐ சாப் ஆனது, லாயின் சாப் போர்ட்டர்ஹவுஸ் சாப் ஆனது. இந்தப் பெயர்களைப் பார்த்தாலும் அது லாயின்தான்.

கறி மெத்தென்று ஆவது இரண்டு வழியில். ஜவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் சுமார் 160 டிகிரியைத் (71) தாண்டிய பிறகு மணிக்கணக்கில் மெல்ல இளகி ஜெலட்டினாக மாறும். அதுதான் வாயில் வழுக்கிக்கொண்டு போகும் அந்த ஈரம். இதற்குள் தசைநார் சுருங்கித் தன் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டிருக்கும், ஆனால் ஜெலட்டினும் கொழுப்பும் அந்த இடத்தை நிரப்பிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. தோள்பட்டையில் நடப்பது இது. லாயினில் இளகுவதற்குப் போதுமான ஜவ்வு இல்லை. தண்ணீர் வெளியேறும், அதை ஈடுகட்ட ஒன்றும் வராது. ஆகவே லாயினுக்கு இருக்கும் ஒரே வழி, தண்ணீர் வெளியேறுவதற்கு முன்னால் எடுத்துவிடுவது.

நம்மவர்களுக்கு இது பிடிபடாததற்குக் காரணம் ஆட்டுக்கறிப் பழக்கம். கறி கடிக்க முடியவில்லையா, இன்னும் நாலு விசில் விடு. வெள்ளாட்டுத் தொடைக்கும் சப்பைக்கும் அது முழுக்கச் சரி, அதில் ஜவ்வு இருக்கிறது. அதே கணக்கை லாயினுக்குப் போட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கறி இன்னும் வறளும்.

எனக்கு இப்போதும் எரிச்சல் வருவது இங்கேதான். ஒரு நண்பர் வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். எலும்பில்லாத லாயின் சாப் நான்கு, மேலே ஒரு டப்பா காளான் கிரீம் சூப், காலையில் லோவில் (ஸ்லோ குக்கரில் மெதுவாகச் சூடேறும் நிலை, வேகமானது ஹை) வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் நான் போனபோது மேசையில் பரிமாறினார்கள். முள்கரண்டி பட்டதுமே துண்டு நாராக உதிர்ந்தது. "பார்த்தீங்களா, எவ்ளோ சாஃப்ட்!" என்றார் அவர். வாயில் போட்டு மென்றால் முதல் இரண்டு கடியில் குழம்பின் ருசி, அதற்கப்புறம் வெறும் சக்கை, தண்ணீர் குடிக்காமல் விழுங்க முடியவில்லை. அவர் மனைவிக்கும் அது தெரிந்தது. "இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருக்கணும்போல," என்றார். அடுத்த முறை விட்டிருக்கிறார்கள். இன்னும் மோசம். அதன் பிறகு ஸ்லோ குக்கர் அலமாரிக்குப் போய்விட்டது, போர்க் நமக்குச் சரிவராது என்று ஒரு முடிவும் ஆகிவிட்டது. நல்ல கறி, நல்ல பாத்திரம், அக்கறையாகச் சமைக்கும் இரண்டு பேர். ஒரே ஒரு விஷயத்தை யாரும் சொல்லாததால் எல்லாம் வீணானது.

முள்கரண்டியில் உதிர்வதை வைத்துக் கறியை எடைபோடாதீர்கள். நார்களை ஒட்டவைத்திருந்த கொஞ்சநஞ்ச ஜவ்வும் கரைந்ததால் உதிர்கிறது, அவ்வளவுதான். ஒரு நாரைத் தனியாக எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். தோள்பட்டை என்றால் விரல் பிசுபிசுக்கும். அதிகம் வெந்த லாயின் என்றால் விரல் காய்ந்தே இருக்கும், நார் நூலாகக் கையில் நிற்கும்.

இன்னொரு நம்பிக்கையும் இதோடு சேர்ந்து வருகிறது: குழம்பில் மூழ்கிக் கிடக்கும் கறி எப்படி வறளும்? வறளும். அரை கப் ஊற்றி வைத்தீர்கள், திறந்தால் ஒன்றரை கப்புக்கு மேல் இருக்கிறது. கூடின நீரில் கொஞ்சம் வெங்காயத்துடையது, மீதி கறிக்குள் இருக்க வேண்டியது. வெளியே போன நீர் சுருங்கிய நாருக்குள் திரும்பிப் போகாது.

சரி, என்ன செய்யலாம்? நாள் முழுக்க வீட்டில் ஆள் இல்லையென்றால் ஷோல்டர் சாப் வாங்குங்கள். லோவில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம், உள்வெப்பம் 190லிருந்து 200 டிகிரி (88 – 93) வரும்வரை. லாயின்தான் வேண்டுமென்றால் லீவு நாளில் வையுங்கள். ஒன்றரை அங்குலத் தடிமன், முடிந்தால் எலும்போடு. லோவில் வைத்து இரண்டு மணி நேரம் ஆனதுமே தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள், எலும்பில் படாமல் நடுச் சதையில். 145 டிகிரி (63) காட்டியதும் வெளியே எடுத்து, குறைந்தது மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே லேசான இளஞ்சிவப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுப் பன்றிக்கறிக்கு 160 டிகிரி என்று சொல்லிவந்ததை 2011ல் 145 ஆகக் குறைத்துவிட்டது. கொத்துக்கறிக்கு மட்டும் 160 இன்றும் அப்படியே இருக்கிறது.

பழைய குறிப்பை அப்படியே நம்புவது

பழைய சமையல் புத்தகத்தில் லாயின் சாப்புக்கு எட்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறதே என்பார்கள். போட்டிருக்கும். அன்றைய பன்றி வேறு. கொழுப்புக்குப் பயந்த மக்களைக் கோழியிடமிருந்து இழுக்க இங்கே பன்றி வளர்ப்போர் 1987ல் "இன்னொரு வெள்ளை இறைச்சி" என்ற பெரிய விளம்பரத்தைத் தொடங்கினார்கள், பன்றிகளும் கொழுப்புக் குறைந்தவையாகவே வளர்க்கப்பட்டன. அந்த மெலிவு அதிகம் தெரிவது லாயினில்தான்.

ஸ்லோ குக்கர் பிறந்த கதையும் அது லாயினுக்கானது இல்லை என்றே சொல்கிறது. இர்விங் நாக்சன் என்பவர் 1940ல் காப்புரிமை பெற்ற மின்பாத்திரம் இது. லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் ஓய்வுநாளுக்காக முந்தின மாலையே பேக்கரி அடுப்பின் மீதச் சூட்டில் வைத்துவிடும் சோலன்ட் என்ற சமையலைப் பற்றி அவர் தாயார் சொன்னதிலிருந்து வந்த யோசனை. பீன்ஸ், பார்லி, கடினமான கறி, இவைதான் அதில் இரவெல்லாம் கிடக்கும். 1971ல் கிராக்-பாட் என்ற பெயரில் வீடுவீடாகப் போனபிறகுதான் எல்லாவற்றையும் அதில் போட ஆரம்பித்தார்கள்.

லோ என்றால் குறைந்த சூடு என்று நினைப்பது

பெரும்பாலான ஸ்லோ குக்கர்களில் லோவும் ஹையும் கடைசியில் போய்ச் சேருவது ஏறக்குறைய ஒரே இடத்துக்கு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 200 டிகிரியைத் தாண்டி. ஹை சீக்கிரம் போகும், லோ மெதுவாகப் போகும். லோவில்தானே இருக்கிறது, எவ்வளவு நேரம் கிடந்தாலும் கறிக்கு ஒன்றும் ஆகாது என்பது நடக்காத காரியம். நேரம் முடிந்ததும் தானாக வார்முக்கு, அதாவது ஆறாமல் சூடாக வைத்திருக்கும் நிலைக்கு, மாறும் மாடலிலும் இதே கதை. வார்மும் சூடுதான், லாயின் அதிலும் தொடர்ந்து வறளும்.

பச்சையாக அப்படியே உள்ளே போடுவது

முதலில் வாணலியில் இரண்டு பக்கமும் சிவக்க வறுத்துவிடுங்கள். சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்பதற்காக அல்ல, அப்படி எதுவும் பூட்டிக்கொள்ளாது. கறி சிவந்து வாசம் வருவதற்கு 280 டிகிரிக்கு (140) மேல் சூடு வேண்டும், ஸ்லோ குக்கர் அந்தப் பக்கமே போகாது. சட்டியில் ஒட்டியதை அரை கப் தண்ணீர் விட்டுச் சுரண்டி அதையும் ஊற்றுங்கள், குழம்பின் ருசியே அதில்தான்.

நம் மசாலா போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் நேராகக் கொட்டினால் எத்தனை மணி நேரமானாலும் பச்சை வாசனை போகாது, ஏனென்றால் அங்கே வதங்குவது என்று ஒரு கட்டமே இல்லை. கறியை எடுத்த அதே சட்டியில் வெங்காயம், இஞ்சி பூண்டு, தூள்கள் எல்லாம் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, அப்புறம் மாற்றுங்கள். கறிவேப்பிலைத் தாளிப்பு கடைசியில்.

லேபிளைப் படிக்காமல் உப்புப் போடுவது

இங்கே விற்கும் பன்றிக்கறியில் நிறைய, உப்பு நீர் ஏற்றப்பட்டுதான் வருகிறது. பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இத்தனை சதவீதக் கரைசல் என்று இருக்கும். அதை மறுபடி உப்பு நீரில் ஊறவைத்து, ஒரு பாக்கெட் வெங்காய சூப் பொடியும் தூவினால் வாயில் வைக்க முடியாது. உப்பு ஏற்றாத லாயின் கிடைத்தால் லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கலந்த நீரில் ஒன்றிரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவையுங்கள். வறளாமல் இருக்க அது நன்றாகவே உதவும்.

அரை அங்குலச் சாப்

ஸ்லோ குக்கர் வேண்டாம். காய்ந்த இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், முடிந்தது.

ஃபிரீசரிலிருந்து நேராக

கூடாது. கட்டியாக இருக்கும் கறி 40லிருந்து 140 டிகிரிக்குள் (4 – 60) நெடுநேரம் கிடக்கும், கிருமி பெருகுவது அந்த இடைவெளியில்தான். முந்தின இரவே ஃபிரிட்ஜில் இறக்கிவையுங்கள். பச்சைக் கறியைப் பாத்திரத்தில் போட்டு, தாமதமாகத் தொடங்கட்டும் என்று டைமர் வைப்பதும் இதே ஆபத்துதான்.

மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது

ஷோல்டர் என்றால் ஆறு மணி நேரத்துக்குத் தொடவே தொடாதீர்கள், ஒவ்வொரு முறையும் திரண்ட சூடெல்லாம் போய், மறுபடி ஏற இருபது நிமிடம்போல ஆகும். லாயின் என்றால் பார்த்தே ஆக வேண்டும், அங்கே சமையல் தாமதமாவதைவிடக் கறி வறள்வதுதான் நஷ்டம். ஒயரோடு வரும் தெர்மாமீட்டர் ஒன்றை முதலிலேயே குத்தி வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

உருளைக்கிழங்கை மேலே போடுவது

அடியில் போடுங்கள். ஸ்லோ குக்கரில் கறியைவிடக் கிழங்குதான் தாமதமாக வேகும், தக்காளியோ புளியோ சேர்ந்தால் இன்னும் தாமதம்.

பால், கிரீம், தேங்காய்ப்பால்

கடைசி அரை மணியில்.

மிச்சத்தை மறுபடி ஸ்லோ குக்கரில் சூடாக்குவது

ஆறிய கறி அதில் பாதுகாப்பான சூட்டுக்கு ஏற நெடுநேரமாகும். ஷோல்டர் மிச்சம் அடுப்பில் குழம்போடு கொதித்து வந்தால் மறுநாள் இன்னும் நன்றாகவே இருக்கும். லாயின் மிச்சத்தை நாருக்குக் குறுக்கே மெல்லிசாகச் சீவி வைத்துக்கொண்டு, குழம்பை மட்டும் தனியாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைக்கும் முன் சீவலைப் போட்டு ஆவி பறக்க ஒரு கிளறு கிளறி இறக்குங்கள்.