நூறு வயது ஆயாவின் வாழ்க்கையைப் பதிவு செய்வது எப்படி

வீட்டில் நூறு வயதை நெருங்கும் ஆயாவோ தாத்தாவோ இருந்தால், விழாவுக்கு மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் குரலிலேயே அவர்கள் வாழ்க்கையைப் பதிவு செய்துவிடுங்கள். விழா அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மேளச் சத்தத்துக்கு நடுவில், வரிசையாக ஆட்கள் காலில் விழுந்துகொண்டிருக்கும்போது மைக்கை நீட்டினால், "எல்லாரும் நல்லா இருங்க சாமி" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. ஏழெட்டு வாரம் முன்பே ஆரம்பித்து, வாரத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்தால் போதும்.

"உங்க கதையைச் சொல்லுங்க ஆயா" என்று மட்டும் கேட்காதீர்கள். குடும்பத்துக்கும் ஊருக்கும் உழைத்தே பழகியவர்களுக்குத் தன்னைப் பற்றிப் பேச வராது. "என்னத்தச் சொல்றது, பொறந்தேன், வளந்தேன், கட்டிக்குடுத்தாங்க" என்று முடித்துவிடுவார்கள். அடுத்தவர்களைப் பற்றிக் கேளுங்கள். "நம்ம தெருவுல யார் யாருக்கு நீங்க பிரசவத்துக்குத் துணைக்குப் போனீங்க?" "ஆடிப் பண்டிகைக்குக் கூழ் ஊத்தறப்ப கம்பு எத்தனை படி போடுவீங்க, எந்த வீட்டு அண்டா வரும்?" "நம்ம வீட்டுல தங்கிப் படிச்ச சொந்தக்காரப் பசங்க யாருங்க?" இப்படிக் கேட்டால் பதில் தானாக நீளும். அந்தப் பதில்களுக்குள்ளேயே ஆயாவின் வாழ்க்கையும் வந்துவிடும்.

நேரம் முக்கியம். காலைச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் ஓய்வெடுத்தபின், ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வேண்டாம். இந்த வயதில் பலருக்கு இருட்டும் நேரத்தில் நினைவு கொஞ்சம் தடுமாறும். முப்பது நிமிடம் நல்லது, நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. சொன்னதையே திரும்பச் சொல்வது, கண் செருகுவது, பதில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவது எல்லாம் களைப்பின் அடையாளம், அத்துடன் நிறுத்திவிடுங்கள். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினால் அதை வயதின் தலையில் போடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் குறைவது, மாத்திரை மாற்றம் ஆகியவை பெரும்பாலும் காரணமாக இருக்கும். ரெக்கார்டிங்கை மூட்டை கட்டிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

காது மந்தமாக இருந்தால் கத்திப் பேசிப் பயனில்லை. வயதில் முதலில் போவது கீச்சுக் குரல் கேட்கும் திறன்தான், கத்தினால் குரல் மேலே ஏறி இன்னும் புரியாமல் போகும். எதிரே முகம் தெரிய, வெளிச்சத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நிதானமாகக் கேளுங்கள். கட்டைக் குரல் உள்ள பேரன் கேட்டால் பேத்தி கேட்பதைவிட நன்றாகக் காதில் விழும். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதல் வாரமே டாக்டரிடம் பார்த்துவிடுவது நல்லது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுவதுண்டு.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம், செல்போனே போதும். ஏரோப்பிளேன் மோடில் போட்டு, ஸ்டூலில் நான்காக மடித்த துண்டை விரித்து, அதன் மேல் போனின் அடிப்பக்கம் ஆயாவைப் பார்க்கும்படி ஒன்றரை அடி தூரத்தில் வையுங்கள். பெரும்பாலான போன்களில் மைக் அந்த அடிப்பக்கத்தில்தான் இருக்கும். துண்டு இல்லாவிட்டால் ஸ்டூலைத் தட்டும் ஒவ்வொரு சத்தமும் இடியாக விழும். மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று நேராக மைக்கில் பட்டால் பிற்பாடு எந்தச் செயலியாலும் அந்த இரைச்சலை முழுதாக எடுக்க முடியாது. சேலத்தில் அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கத்து வீடுகளில் பவர்லூம் சத்தம் சுவரைத் தாண்டி வரும். தறி ஓடாத நாளாகப் பாருங்கள், அல்லது உள் அறையில் மெத்தை, போர்வை இருக்கும் பக்கம் உட்காருங்கள். போனில் வேவ் (WAV) என்ற ஒலிக்கோப்பு வடிவம் இருந்தால் அதையே வையுங்கள். மோனோவில் (ஒற்றை ஒலித்தடத்தில்) நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி ஆகும், நாற்பது நிமிடத்துக்கு 200 எம்பிக்குக் கொஞ்சம் மேலே. முதலில் ஒரு நிமிடம் எடுத்து ஹெட்போனில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஒவ்வொரு ரெக்கார்டிங்கின் தொடக்கத்திலும் தேதி, இடம், அருகில் இருப்பவர்கள் பெயர் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, "இதைப் பதிவு பண்ணிக்கலாமுங்களா ஆயா?" என்று கேட்டு அவர் பதிலையும் பதிவு செய்யுங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பிறப்பிலிருந்து வேண்டாம். பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் எல்லோருக்கும் அழுத்தமாக நினைவில் இருக்கும். அங்கே தொடங்கினால் நம்பிக்கையோடு பேசுவார்கள்.

வருடத்தைக் கேட்டால் குழப்பம்தான் வரும், ஊரில் நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. "அணை திறந்தப்ப உங்களுக்குப் பால்பல்லு விழுந்திருச்சுங்களா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். பண்ணவாடிப் பக்கம் நீருக்குள் போன ஊர்க்காரர்களாக இருந்தால், அணையில் தண்ணீர் குறையும்போது வெளியே தெரியும் நந்தியையும் மாதா கோயில் கோபுரத்தையும் படமாகக் காட்டுங்கள். மதுவிலக்கு முதலில் வந்தது நம் சேலம் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் 1. அப்போது தெருவில் என்ன மாறியது என்று பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆண்கள் சொல்வதற்கு முற்றிலும் வேறாக இருக்கும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸில் ஷூட்டிங் பார்த்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரேஷன், மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்று இங்கேயே கிழங்கு மாவில் செய்யத் தொடங்கியது, 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது எல்லாம் நல்ல கொக்கிகள். அணாவுக்குப் பதில் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். விலையை "முக்காலணா, ஒன்றரை அணா" என்று சொன்னால் அது பெரும்பாலும் அதற்கு முந்தைய கதை. "நாலணா", "எட்டணா" என்றால் அப்படி முடிவுகட்ட முடியாது. அந்தப் பெயர்கள் 25 காசுக்கும் 50 காசுக்கும் பல வருடம் ஒட்டிக்கொண்டிருந்தன.

பிறந்த வருடத்தில் பலரும் தவறுவார்கள். ஆதாரில் உள்ள தேதி பலருக்கும் குத்துமதிப்பாகப் போட்டது. ஜாதகமோ பெரியவர்கள் சொன்ன தமிழ் வருடமோ இருந்தால் அதைப் பிடியுங்கள்: ரக்தாட்சி 1924–25, குரோதன 1925–26, அட்சய 1926–27, பிரபவ 1927–28. தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால் அட்சய வருடம் மாசி மாதம் என்றால் அது 1927 பிப்ரவரி–மார்ச். அவசரத்தில் 1926 என்று எழுதிவிட்டு ஒரு வருடம் முன்னாலேயே நூறாவது பிறந்தநாள் கொண்டாடிவிடுவார்கள்.

கேள்வியைவிடப் பொருள் நன்றாகப் பேசவைக்கும். பரணில் இருக்கும் பித்தளைக் குடம், அண்டா, சொம்பை இறக்குங்கள். கழுத்துப் பக்கமோ விளிம்பிலோ புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். கொடுத்தவர் பெயர், ஊர், சிலவற்றில் தேதிகூட இருக்கும். தேய்ந்து படிக்க முடியவில்லை என்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், இருக்கிற எழுத்தும் போய்விடும். சாக்பீஸ் தூளை விரலால் லேசாகத் தடவி, மேலே துடைத்தால் குழிகளில் மட்டும் வெள்ளை தங்கும். அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்தால் நிழலில் எழுத்து எழும். யானைத் தும்பிக்கை போட்ட பழைய லை, ணை இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பாத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றிலும் பெரிய புதையல் மொய் நோட்டு. பழைய கல்யாண மொய் நோட்டு கிடைத்தால் முதலில் பக்கம் விடாமல் படம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பெயராக ஆயாவிடம் வாசியுங்கள். "குகை, பெரிய வீட்டு மருமகன், 1 ரூ. 4 அணா" என்று வாசித்தால் போதும், அந்த வீட்டோடு இருந்த உறவு, சண்டை, உதவி எல்லாம் வரும். ஒரு தடவைக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம். பழைய படம், பத்திரம் எதையும் லேமினேட் செய்யக் கூடாது, திரும்பப் பிரிக்க முடியாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காமல் கண்ணாடி மேலிருந்தே படம் எடுங்கள். மற்றவற்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பெயர்களைப் பின்பக்கம் மென்மையான பென்சிலில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை பதிந்துவிடும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். ரெக்கார்டிங்குக்காக ஆயாவை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கூட்டி வராதீர்கள், நீங்கள் மேலே போங்கள். பனிக் காலத்தில் வெயில் ஏறிய பிறகு, திண்ணையிலோ ஜன்னலோரமோ உட்காரவையுங்கள். காபிப் பழம் பறிப்பு, எஸ்டேட் கூலி, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எந்த ஊர் வழியாக நடந்தார்கள் என்பவற்றைத் தவறாமல் கேளுங்கள். மலையில் ஈரம் அதிகம், படங்களைச் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

இறந்துபோன குழந்தைகளைப் பற்றிக் கேட்கலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். தனியாக இருக்கும்போது ஒரே ஒரு முறை மெதுவாகக் கேளுங்கள். அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனையோ வருடம் மனசுக்குள் வைத்திருந்திருப்பார்கள். சொன்னால் குடும்ப மரத்தில் அந்தக் குழந்தைக்கும் இடம் கொடுங்கள். சொல்லவில்லை என்றால் மறுபடி கேட்க வேண்டாம். நிலத் தகராறு, சாதி விவகாரம் வந்து "இதை வெளிய போட்டுடாதே" என்றால் அந்தத் துண்டைத் தனியாக வெட்டி வையுங்கள்.

அன்றன்றே கோப்புக்குத் தேதி, பேசிய விஷயம், வரிசை எண் என்று பெயரிட்டு, போனில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் பென் டிரைவில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். "வந்துட்டு இருந்தாங்க"வை "வந்துகொண்டிருந்தார்கள்" என்று திருத்தாமல், அவர் சொன்னபடியே எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெயர், உறவுமுறைப் பிழைகளை அவரே பிடிப்பார்.

புத்தகமாக அடிப்பதென்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்கட்டும், எழுத்து 16 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம், ஆயாவின் பிள்ளைகளுக்கே எழுபது தாண்டியிருக்கும். விழாவில் நான்கு நிமிடத்துக்கு மிகாத ஒரு துண்டை மட்டும் போடுங்கள். மண்டபத்தில் எதிரொலி அதிகம் என்பதால் பேச்சைத் திரையில் எழுத்தாகவும் காட்டி, முந்தின நாளே அந்த ஸ்பீக்கரில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.